எண்களை மட்டும் எழுதவும்

2012இல் முகம் தெரியாத ஒருவரிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பொழுதுபோக்காக நான் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வலையில் போட்டிருந்த ஒரு சின்னப் படிவத்தை அவர் பார்த்திருக்கிறார். பள்ளி விழா, கோயில் அன்னதானம், விளையாட்டுப் போட்டி என்று எதற்கும் பெயர் பதிந்துகொள்ள உதவும் படிவம் அது. ‘தொலைபேசி எண் கேட்கும் கட்டத்தில் எதை அடித்தாலும் வாங்கிக்கொள்கிறதே, எழுத்து அடித்தால் தடுக்க வேண்டும் என்கிற அரிச்சுவடிகூடத் தெரியாதா?’ என்று கேட்டிருந்தார். தடுப்பதற்கான ஒரு வரியையும் கீழே எழுதி, அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த ஒரு வரி எனக்குத் தெரியாதா? ஆறு வருஷத்துக்கு முன்பே அதை எழுதியவன் நான். எழுதிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன். அதனால் என்ன ஆனது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன். அவருக்குப் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் இதைத்தான் எழுதியிருப்பேன்.

2004இல் சிதம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். கீழ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. முன்னால் எட்டு கம்ப்யூட்டர், பின்னால் தடுப்புக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் வகுப்பு. பரீட்சை முடிவு பார்த்துச் சொல்வது, வேலை தேடுகிறவர்களுக்கு பயோடேட்டா அடித்துத் தருவது, மவுஸின் உருண்டையைக் கழற்றி அழுக்கெடுப்பது, இதெல்லாம் என் வேலை. மதியத்தில் கூட்டம் இருக்காது. அப்போது ஏதாவது ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து, அதற்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். இதை மாற்றினால் அது மாறுகிறது என்று தெரிந்துபோனது. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறந்த தேதி கொடுத்தால் வயதைச் சொல்லும் பக்கம் ஒன்று செய்தேன். பிறகு தாயக்கட்டை உருட்டும் ஒரு விளையாட்டு. அதில் ஒரு வாரமாகத் தாயமே விழவில்லை. கம்ப்யூட்டருக்கே என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். கடைசியில் பார்த்தால், எண்ணை நான் ஒன்றிலிருந்து தொடங்காமல் இரண்டிலிருந்து தொடங்கியிருந்தேன். இப்படி விழுந்து எழுந்துதான் கற்றேன். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் வலைத்தளங்கள்தான் எனக்கு எல்லாம். அவற்றில் என்ன சொல்லியிருந்தாலும் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன்.

எங்கள் ஊர் கடலூர் முதுநகரைத் தாண்டி உப்பனாற்று ஓரம். கடல் தொழில் செய்கிறவர்கள். வாரம் முழுக்கச் சிதம்பரத்தில் ஓர் அறையில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போவேன். சுனாமிக்குப் பிறகு எல்லோரும் தகரக் கொட்டகைகளில் இருந்த நேரம். சாலை முனையில் ஓர் அம்மாள் பெட்டிக்கடை வைத்திருந்தார். ஊருக்கு இருந்த போன் அந்தக் கடையில்தான் இருந்தது. அழைப்பு வந்தால் ‘அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடுங்க’ என்று வைத்துவிடுவார். கடையில் நிற்கிறவர் யாராக இருந்தாலும் ஓடிப்போய்ச் சொல்லி ஆளைக் கூட்டிவர வேண்டும்.

அதனால் எங்கள் ஊரில் எந்த மனுவில் போன் நம்பர் கேட்டாலும் கடை நம்பரை எழுதி, பக்கத்தில் பி.பி. என்று போடுவார்கள். பி.பி. என்பதன் விரிவு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். இது என் போன் இல்லை, ஆனால் கூப்பிட்டால் வருவேன். ரேஷன் கார்டு மனு, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு, நான் இந்த சென்டரில் கொடுத்த பயோடேட்டா என்று எல்லாவற்றிலும் என் பெயருக்கு நேராகவும் அந்தப் பி.பி. இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், அப்போதுதான் என்னை எவ்வளவு திட்டலாம் என்று தெரியும்.

2006இல் நான் ஒரு கணக்கு விளையாட்டு செய்தேன். திரையில் மேலே ஒரு கணக்கு வரும். கீழே மீன்கள் முதுகில் எண்ணைச் சுமந்துகொண்டு நீந்தும். சரியான விடை உள்ள மீனின் மேல் வலையைப் போட வேண்டும். போகப் போக மீனின் வேகம் கூடும். சென்டரின் முதலாளி ஒரு நாள் அதை அரைமணி நேரம் விடாமல் ஆடினார். ஆடி முடித்ததும் என் தோளைத் தட்டினார்.

“தம்பி, இத வச்சு ஒரு போட்டி நடத்துவோம். பிளஸ் டூ பசங்களுக்கு. மொதல்ல வர்றவனுக்கு நம்ம கிளாஸ்ல ஒரு வருஷ கோர்ஸ் ஃப்ரீ. ஆனா ஒண்ணு, ஒருத்தனே நாலு பேருல ஆடிட்டுப் போயிடுவான். அதுக்கு ஒரு வழி பண்ணு” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் விளையாட்டு, போட்டியாகிறது! ஒரு வாரம் உட்கார்ந்து பதிவுப் படிவம் செய்தேன். பெயர், பள்ளி, தொலைபேசி எண். ஆங்கிலப் பாடத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தான்: பெயர் இரண்டு பேருக்கு ஒன்றாக இருக்கலாம், தொலைபேசி எண் இருக்காது, ஆளை அடையாளம் காண அதையே வைத்துக்கொள். சரி என்று வைத்துக்கொண்டேன். எண் கட்டத்தில் எழுத்து எதையும் விடாதே என்றும் சொல்லியிருந்தான். விடவில்லை. எண்ணைத் தவிர எதை அடித்தாலும் ‘எண்களை மட்டும் எழுதவும்’ என்று சிவப்பில் வரும்படி செய்தேன். அந்தச் சிவப்பு எடுப்பாக இருக்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது.

இதோடு விட்டேனா? ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் அப்போதே தடுத்தால், பித்தலாட்டக்காரன் வேறு எண்ணைக் கொடுத்துத் தப்பித்துவிடுவான் என்று எனக்கு ஒரு மகா புத்தி வந்தது. சத்தம் போடாமல் ஆடவிட்டு, கடைசியில் ஒரு பொத்தானை அமுக்கினால் ஒரே எண்ணில் வந்தவர்கள் எல்லோரும் ‘போலி’ என்ற தலைப்பில் தனிக் கோப்புக்குப் போய்விடுவார்கள். சரி பார்ப்பதற்கு நானே ஐந்து பேரைக் கற்பனை செய்து, ஐந்து எண் கொடுத்து ஆடவிட்டேன். நான் கற்பனை செய்த ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு போன் இருந்தது. எந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் இப்படிக் கற்பனை செய்கிறான் பாருங்கள்.

போட்டியைப் பற்றி ஊரில் சொன்னதும் நான்தான். அந்தப் பெட்டிக்கடையில், அந்தப் போனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் சொன்னேன். முதுநகர் பிரவுசிங் சென்டரிலேயே ஆடலாம், சிதம்பரம் வர வேண்டாம் என்றேன். என் ஒன்றுவிட்ட அக்காவின் மகள் அப்போது பிளஸ் டூ. கணக்கில் புலி. கம்ப்யூட்டர் குரூப்பில் இடம் கிடைக்காமல் வேறு குரூப்பில் தள்ளிவிட்டிருந்தார்கள். பள்ளி முடிந்தால் இறால் கம்பெனிக்கு அனுப்புவது என்று வீட்டில் ஏற்கனவே பேசி முடித்திருந்தார்கள். இந்த கோர்ஸ் கிடைத்தால் படிக்க விடுவதாக அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள். எனக்கு இதெல்லாம் தெரியும். “நீ ஆடுறதுன்னா ஆடு, எங்கிட்ட ஒண்ணும் சொல்லாத. நான் நடத்துறவன், நாளைக்குப் பேச்சு வரும்” என்று அவளிடம் சொன்னேன். அவ்வளவு யோக்கியன்.

ஒரு வாரம் போட்டி நடந்தது. கடைசி நாள் மாலை முதலாளி முன்னால் பொத்தானை அமுக்கினேன். பதினோரு போலி என்று வந்தது. ஒரே எண், பதினோரு பெயர். “பாத்தியா, ஒரு திருட்டுப் பய பதினோரு பேருல ஆடியிருக்கான்!” என்று முதலாளி துள்ளினார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. என் பொறியில் பெரிய மீனே விழுந்துவிட்டது. அந்த எண் என்ன, அந்தப் பெயர்கள் யாருடையவை என்று நான் அந்தக் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மீதிப் பேரை வரிசைப்படுத்தி அச்செடுத்து, சிதம்பரத்திலும் முதுநகரிலும் கதவில் ஒட்டினோம். முதல் இடம் பிடித்த பையன் சிதம்பரத்துப் பையன். அவன்மேல் குற்றமில்லை, நன்றாகத்தான் ஆடியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். பெட்டிக்கடையிலேயே அக்கா பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, லிஸ்டுல எங்க புள்ள பேரே இல்லையாமே? கடைசில வந்தவன் பேருகூட இருக்குது, இவ பேரு இல்லன்னா என்னா அர்த்தம்? ஆடவே இல்லன்னா? நம்ம ஊர்லேந்து போன பதினோரு புள்ளைங்க பேரும் இல்லயாம்.”

பதினோரு என்ற சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். அக்காவின் தலைக்கு மேல் கடைப் பலகையில் போன் நம்பர் பச்சைப் பெயிண்டில் எழுதியிருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல், திங்கட்கிழமை சொல்கிறேன் என்று மழுப்பிவிட்டு நழுவினேன்.

திங்கட்கிழமை சென்டரைத் திறந்ததும் முதல் வேலையாக அந்தக் கோப்பைப் பார்த்தேன். கடை நம்பர்தான். பதினோரு பேரும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். ‘போலி’ என்ற தலைப்புக்குக் கீழே, மூன்றாவது வரியில், அக்கா மகளின் பெயர். கோர்ஸ் வாங்கிய பையனைவிட அவளுக்கு நாற்பத்திரண்டு புள்ளி அதிகம். ஒருமுறை கூட்டிப் பார்த்தேன், இன்னொரு முறையும் கூட்டிப் பார்த்தேன். பிறகு முதலாளி வரும்வரை படிக்கட்டிலேயே நின்றேன்.

அவர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, “ரிசல்ட்ட ஒட்டியாச்சு, அந்தப் பையன் அப்பாவோட வந்து போட்டோ எடுத்தாச்சு. இப்ப மாத்துனா சென்டர் பேரு என்னாவறது?” என்றார்.

“அவனுக்குக் குடுத்தத எடுக்க வேணாம் சார். இவளுக்கும் ஒரு சீட்டு குடுங்க. கிளாஸ்ல ரெண்டு கம்ப்யூட்டர் சும்மாதானே கெடக்குது” என்றேன்.

“குடுத்தா நாம தப்பு பண்ணோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் தம்பி.”

“பண்ணோம்தானே சார்?”

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “யாரு பண்ணா? ஒரு எண்ணுக்கு ஒரு ஆளுன்னு நோட்டீஸ்லயே போட்டிருக்கோம்ல? தன் போன் இல்லன்னா பி.பி.ன்னு ஒரு வார்த்த போட்டிருக்கலாம்ல? நீயே ஒன் பயோடேட்டால போட்டிருந்தியே. மறைச்சது அவுங்க. அதுவும் இல்லாம, போன்கூட இல்லாத வூட்ல அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சு என்னா பண்ணப் போவுது?”

கடைசியாகச் சொன்னதற்கு அவரை அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. அன்று கேட்டது இன்னும் என் காதில் எரிகிறது. போன் இல்லாதது ஏதோ நாங்கள் செய்த ஒழுக்கக்கேடு மாதிரி சொன்னார். கேட்டுக்கொண்டு நின்றேனே, அது இன்னும் கேவலம். ஆனால் அதற்கு முன்னால் அவர் சொன்னதில் நான் மாட்டிக்கொண்டேன். ஆமாம், ஏன் பி.பி. போடவில்லை? எல்லா மனுவிலும் போடுகிறவர்கள் இதில் மட்டும் ஏன் விட்டார்கள்? பதினோரு பேரில் ஒருத்தருக்குக்கூடவா தோன்றவில்லை? என் கோபம் மெல்லத் திரும்பி, ஒரு பாவமும் அறியாத அந்தப் பெண்மேல் போய் நின்றது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது.

அவளுக்கு அந்த கோர்ஸ் கிடைக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி முடிந்ததும் மற்றப் பெண்களோடு அவளும் இறால் கம்பெனி வேனில் ஏறினாள். நான் அதே மாதம் சென்டரை விட்டு நின்றேன். நின்றதால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. முதலாளி வேறு ஆள் போட்டுக்கொண்டார்.

அந்தத் திங்கட்கிழமை பாதி நாள் லீவு சொல்லிவிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். முதுநகரில் இறங்கி நடந்து ஊருக்குள் போனபோது தண்ணீர் லாரி வந்திருந்தது. பள்ளிச் சீருடையோடு வரிசையில் குடம் வைத்துக்கொண்டு நின்றாள். நல்ல வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் எடுத்த எடுப்பில் கேட்டேன்.

“கடை நம்பரக் குடுத்தியே, பக்கத்துல பி.பி.ன்னு போட்டா என்னா? நாலு பேரு எதிர்ல எனக்குத் தலைகுனிவு. போட்டிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதுல்ல?”

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. கணக்கில் தப்பு கண்டுபிடித்தவளின் முகத்தோடு என்னைப் பார்த்தாள்.

“போட்டேனே மாமா. ரெண்டு பி அடிச்சேன். ‘எண்களை மட்டும் எழுதவும்’னு செவப்பா வந்துச்சு. திரும்ப அடிச்சேன், திரும்ப வந்துச்சு. பிராக்கெட்டுக்குள்ள போட்டுப் பாத்தேன், அதுக்கும் அதேதான். பக்கத்துல ஒக்காந்திருந்த புள்ளைங்களுக்கும் அப்புடியேதான் வந்துச்சு. அப்பறந்தான் எல்லாரும் வெறும் நம்பர அடிச்சோம்.”

வரிசை நகர்ந்தது. குடத்தைக் காலால் முன்னே தள்ளிக்கொண்டே கேட்டாள்.

“நீங்க எழுதுனதுதானே மாமா அது?”