ஆறாம் நம்பர் மலையில் ஒரு காடு

முதுமாணிப் படிப்புக்குச் சேர்ந்தபோது, ஆய்வுக்கு இடம் தேடி ரூபிகா அலைய வேண்டியிருக்கவில்லை. லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்தில் அவள் பிறந்து வளர்ந்த லயத்து வரிசை வீடுகளுக்கு மேலேயே ஆறாம் நம்பர் மலை கிடந்தது. தேயிலை கிழடாகி, கொழுந்து பறிப்பதை நிறுத்தி, மானாப்புல் மண்டிப்போன நிலம். தேயிலைக்கு முன்னால் அங்கே என்ன காடு இருந்ததோ அதை மறுபடி கொண்டுவர முடியுமா என்பதுதான் அவளுடைய கேள்வி. கண்டியிலிருந்து பேராசிரியை தோட்டத் துரையிடம் கேட்டார். துரையும் மறுக்காமல் கொடுத்தார்.

புல்லை வெட்டிக் குழி தோண்ட லயத்துப் பெண்களே வந்தார்கள். அடுத்த காம்பரா வீட்டு மீனம்மா எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவாள். கீனாவும் காட்டு நாவலும் கன்றுகளாக வந்து இறங்கியபோது, ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"அந்தக் காலத்துல காட்ட வெட்டித் தேயில போட்டாங்க. இப்ப நீ தேயிலயப் புடுங்கிட்டுக் காடு போடுற. ரெண்டுக்கும் நாமதான் குழி வெட்டணும் போல."

ரூபிகா சிரித்தாள். அந்த வருடம் முழுவதும் அவளுக்கு நல்ல வருடம். மாதத்துக்கு ஒருமுறை கண்டியிலிருந்து வந்து கன்றுகளின் உயரத்தை அளந்துகொண்டு போனாள். பிழைத்தவையே அதிகம்.

அடுத்த மழைக்கு லயத்தின் பின்பக்கத்து மண்ணில் வெடிப்பு கண்டது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, இனி இங்கே குடியிருக்கக் கூடாது என்று சொல்லிப் போனார்கள். எங்கே போவது என்பதை அவர்கள் சொல்லவில்லை. அந்த வாரம்தான் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் அழகுமுத்து ரூபிகாவைத் தேடி வந்தார். வாசலிலேயே நின்றார்.

"ஒரு விசயம் கேக்கணும் புள்ள. ஆறாம் நம்பர நீயாக் கேட்டு வாங்குனியா?"

"மேடம்தான் கேட்டாங்க மாமா. சும்மாக் கெடக்குற எடமுன்னு தொரை சொன்னாராம்."

"சும்மாக் கெடக்கல. மேல சமமா இருக்கே, அதுல வீடு கட்டக் குடுங்கன்னு நாங்க கேட்டு வருசக்கணக்காகுது. இப்பப் போய் தொரைகிட்ட நின்னா, அதக் காட்டுக்குக் குடுத்தாச்சு, படிக்கிறதே ஒங்க புள்ளதானேங்கிறாரு."

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவர் போனதும் உள்ளே திரும்பினாள். அம்மா பரிமளம் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு இது தெரியுமாம்மா?"

பரிமளம் தண்ணீரை வடித்து முடித்தாள். "தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேணாம்ப. அப்பறம் ஒன் படிப்பு என்னாகுறது? லயத்துல ஒருத்தரும் சொல்லல பாரு. மீனம்மாகூட சொல்லல."

மறுநாளே ரூபிகா கண்டிக்குப் போய், மேல் சமநிலத்தை விட்டுவிடலாம் என்றாள். பேராசிரியை சிங்களத்தில் நிதானமாகக் கேட்டார். மேல் நிலத்தை விட்டால் ஒரு வருட அளவைகள் வீணாகும், படிப்பும் தள்ளிப்போகும், தெரியுமா என்றார். தெரியும் என்றாள். அதே மலையில் வீடு கட்ட முடியாத ஓடைச் சரிவு மட்டும் தங்களுக்குப் போதும் என்று பேராசிரியை அன்றே தோட்டத்துக்கு எழுதிவிட்டார். கொழும்பு அலுவலகம் முடிவு சொல்ல வேண்டும் என்று பதில் வந்தது. முடிவு வரவில்லை. கார்த்திகை வந்தது.

நாள்கணக்கில் விடாமல் பெய்தது. லயத்துச் சனம் முழுவதும் பாடசாலைக் கட்டடத்துக்குப் போய்விட்டது. ரூபிகா அங்கேதான் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் மழை சற்று விட்டபோது, மாட்டை அவிழ்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று மீனம்மா இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் மலைக்குள் லொறி புரண்ட மாதிரி ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. லயத்தின் பாதியை மண் மூடியிருந்தது. மீனம்மாவின் உடம்பு கிடைக்க நாளாயிற்று.

அதற்குப் பிறகு துரை கொழும்பைக் கேட்கவில்லை. ஆறாம் நம்பர் மலையின் மேல் சமநிலத்தில் கூடாரம் அடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். தகரமும் தறப்பாளும் வந்து இறங்கின. முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்த கன்றுகளைப் பார்த்து ஆண்கள் தயங்கி நின்றார்கள்.

"கன்னுங்க இருக்கே புள்ள," என்றார் அழகுமுத்து.

ரூபிகா மம்பட்டியை வாங்கி முதல் கன்றை வேரோடும் மண்ணோடும் தானே பெயர்த்தாள். பெண்கள் சாக்குகளோடு வந்து சேர்ந்தார்கள். பெயர்த்த கன்றுகளை ஓடைச் சரிவில் வைத்தார்கள். பாதிக்கு மேல் பட்டுப்போயின.

தான் அந்த இடத்தைப் பிடித்து வைத்திராவிட்டால் மீனம்மா இருந்திருப்பாளோ என்று ஒருநாள் பேராசிரியையிடம் கேட்டாள். நீ அதை எடுக்காமல் விட்டிருந்தாலும் அந்த மழைக்குள் ஒரு வீடும் எழும்பியிருக்காது என்றார் அவர். அது உண்மைதான் என்று ரூபிகாவுக்கும் தெரியும். ஆனாலும் மீனம்மா தோண்டிய குழிகளைக் கடந்து கூடாரத்துக்குப் போகும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொண்டே போனாள்.

ஆய்வின் தலைப்பு மாறியது. சரிந்த மண்ணில் எது முதலில் வேர்விடுகிறது, எது மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது என்று பார்க்கத் தொடங்கினாள். காலை வைத்தால் புதைகிற சேற்றில், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கிக் கன்று நட்டாள். கயிற்றின் மறுமுனையை அழகுமுத்து பிடித்துக்கொள்வார். மீனம்மாவின் புருஷன் சோலைமலை கன்றுகளை எடுத்துக் கொடுப்பார். ஒருநாள் ஒரு கன்றை அவரே குனிந்து நட்டுவிட்டு, "இது நிக்குமா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில், முதல் வருட நிலத்தை ஏன் கைவிட்டீர்கள் என்று கேட்டார்கள். "அது ஏற்கனவே ஆட்கள் கேட்டிருந்த இடம். கேட்காமல் நட்டது என் பிழை," என்றாள். பட்டம் கிடைத்தது. ஆறாம் நம்பர் மலையில் சில வீடுகள் எழும்பியிருக்கின்றன. பரிமளத்தின் வீட்டுக்குச் சுவர் முடிந்து கூரை பாக்கி.

ரூபிகா இப்போது நோர்வூட் பக்கத்தில் ஓடைக்கரைக் காடு வளர்க்கும் திட்டமொன்றில் வேலை செய்கிறாள். ஒரு நிலத்தை அளக்கும் முன் அதற்குக் கீழேயுள்ள லயங்களுக்குப் போய், இந்த இடத்தை யாராவது கேட்டிருக்கிறீர்களா என்று விசாரிப்பாள். போன மாதம் ஓரிடத்தில் மூன்று குடும்பங்கள் மரக்கறி போட்டிருந்தன. அதை வெளியே விட்டுவிட்டு, ஓடைப் பக்கமாக ஒதுக்கிக் கோடு போட்டாள். வரைபடத்தில் கோடு ஏன் கோணலாகப் போகிறது என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அவள் விளக்கிச் சொன்னாள்.