மிச்சிகோ அக்கா பாடிய புலம்பல்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது அருள்ராஜின் போன் வந்தது. எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் தபேலா வாசிப்பவர். "செலினக்கா, மிச்சிகோக்கா போயிட்டாங்களாம். அவுங்க தங்கச்சி ஃபாதருக்கு மெயில் போட்டிருக்காங்க" என்றார். பஸ் வந்தது, நான் ஏறவில்லை. நின்று அழுதேன். அந்த அழுகையிலும் கொஞ்சம் பொறாமை இருந்தது. என்னைத் தெரிந்தவர்கள் அதை நம்புவார்கள்.

மிச்சிகோ அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜப்பானில் கோபே என்னும் துறைமுக ஊரில் பிறந்தவர்கள். கப்பல் பட்டறைத் தொழிலாளியின் மகள். இள வயதிலேயே மதுக்கூடங்களில் ஜாஸ் பாடத் தொடங்கி, இசைத்தட்டுகள் போட்டு, ஊர் ஊராகப் பாடியவர்கள். சுனாமிக்குப் பிறகு நிவாரணக் குழுவோடு சிதம்பரத்துக்குப் பக்கத்து மீனவ ஊரான கிள்ளைக்கு வந்து, எங்கள் பக்கமே தங்கிவிட்டார்கள். வருடத்தில் சில மாதம் ஊருக்குப் போய்ப் பாடிச் சம்பாதித்து வருவார்கள். தமிழ் கற்றது மீனவப் பெண்களிடம்.

எங்கள் குழுவில் முதல்நாள் பாடியபோது தாளத்துக்குச் சற்றுப் பின்னால் வந்தார்கள். பாவம், தடுமாறுகிறார்கள் என்று அருள்ராஜ் வேகத்தைக் குறைத்தார். அவர்கள் இன்னும் பின்னால் போனார்கள். இவர் மேலும் குறைத்தார். காணிக்கைப் பாட்டு முடிவதற்குள் ஃபாதர் இரண்டுமுறை திரும்பிப் பார்த்துவிட்டார்.

"எனக்காவ நிக்காதீங்கண்ணே. நீங்க பாட்டுக்குப் போங்க, நான் வந்துருவேன்" என்றார்கள் அக்கா. ஜாஸில் வேண்டுமென்றே அப்படிப் பின்தங்கிப் பாடுவார்களாம். அடுத்த வாரம் அருள்ராஜ் நிற்கவில்லை. அக்கா பின்தங்கி, பின்தங்கி, கடைசி அடியில் வந்து சேர்ந்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

பெரிய வெள்ளியன்று, சிலுவையில் இறந்த மகனுக்காக அழும் மாதாவின் புலம்பலைத் தனியாகப் பாடுவது எங்கள் கோயிலில் என் பாத்தியதை. என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான்தான். ஒரு வருடம் ஃபாதர், "இந்தத் தடவ மிச்சிகோ பாடட்டும்மா" என்றார். அக்கா என் வீட்டுக்கு வந்து உச்சரிப்புச் சொல்லித்தரக் கேட்டார்கள். தந்தேன், ஒரு குறையும் வைக்காமல். அன்று கோயிலே அழுதது. சொல்லிக்கொடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதன்பின் புலம்பல் அவர்களுடையதாயிற்று.

பிறகு சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் ஜாஸ் கச்சேரி செய்தார்கள். பாதியில் கூட்டம் கலைந்தது. சொல்ல வெட்கமில்லை, உள்ளூர எனக்குச் சந்தோஷம். முடிந்ததும், "எல்லாம் எழுந்து போயிட்டாங்களேக்கா" என்றேன்.

"எங்க ஊர் பார்ல சாப்டுகினே கேப்பாங்க. இங்க நீ கடைசி வரைக்கும் குந்திகினு கேட்டியே, போதும்" என்றார்கள். அப்படிச் சொன்னவரை முழுதாக வெறுக்கவும் முடியவில்லை.

நோய் கண்டு போன வருடம் ஜப்பானுக்குப் போன அக்கா திரும்பவில்லை. சென்ற ஞாயிறு நினைவுத் திருப்பலியில் புலம்பலை நான் பாடினேன். அருள்ராஜ் வாசித்தார். என் ஆயுளில் அவ்வளவு நன்றாகப் பாடியதில்லை. பாடும்போதே எனக்குத் தெரிந்தது. வெளியே வந்ததும் கிள்ளையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எங்க மிச்சிகோம்மா பாடுனாப்லயே இருந்துச்சு தாயி" என்றார்.

போய் வாருங்கள், அக்கா. அங்கேயும் ஒரு பாடகர் குழு இருக்கும். நான் வரும்வரை முன்வரிசையில் நின்றுகொள்ளுங்கள். வந்ததும் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும்.