ஒரு படி கூட்டிக் கூப்பிடும் புஷ்பராஜ்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையின் முனையில் 'புஷ்பராஜ் சவுண்ட்ஸ்' இருக்கிறது. கல்யாண வீடு, கோயில் திருவிழா, செத்த வீடு, கட்சிக் கூட்டம் எதற்கும் அங்கே ஒலிபெருக்கி வாடகைக்குக் கிடைக்கும். முதலாளி புஷ்பராஜுக்கு ஐம்பத்தைந்து வயது, அளவான தொந்தி, அளவில்லாத வாய். அந்த வாயால் அவர் பதவி உயர்வு கொடுக்காத ஆளே அந்த வட்டாரத்தில் இல்லை.

மருந்துக் கடையில் குளிசை எண்ணிக் கொடுக்கும் பெடியன் அவருக்கு டொக்டர். வங்கியில் வாசல் கதவைத் திறந்துவிடும் மனிதர் மனேஜர். மின்விசிறி திருத்தும் தன் மச்சானை எஞ்சினியர் என்றே ஊரெல்லாம் சொல்லிவைத்தார். அதை நம்பி அந்த மச்சானுக்குப் பெண் கொடுத்த வீட்டார் இன்றைக்கும் புஷ்பராஜைக் கண்டால் ஒழுங்கை மாறிப் போவார்கள். அது வேறு கதை.

ஆனால் இந்தப் பழக்கத்தை அவர் முதலில் பழகியது பொலிஸ் நிலையத்தில்தான். எந்த நிலையம் என்று சொல்லமாட்டேன், எனக்கும் அங்கே அலுவல் வரும். இளந்தாரி வயதில், முதல் அம்ப்ளிபயரை வாங்கிய கையோடு, ஒரு கல்யாண வீட்டுக்கு ஒலிபெருக்கி அனுமதி எடுக்கப் போனார். தோளில் ஒரு நட்சத்திரத்தோடு நின்ற எஸ்.ஐ. ஒருவரைப் பார்த்து, "ராலஹாமி" என்று பணிவாகக் கூப்பிட்டார். ராலஹாமி என்பது கான்ஸ்டபிளைக் கூப்பிடும் மரியாதைச் சொல். எஸ்.ஐ. சுவரோரம் உட்காரக் கிடந்த மர வாங்கைக் காட்டினார். பின்னேரம் வரைக்கும் புஷ்பராஜ் அந்த வாங்கிலேயே இருந்தார். கல்யாணம் ஒலிபெருக்கி இல்லாமலே நடந்து முடிந்தது.

அந்த வாங்கில் இருந்தபடியே அவர் பொலிஸ் உத்தியோகத்தைக் கரைத்துக் குடித்தார். வெயிலில் நின்று வாகனத்தை மறிப்பவர் கான்ஸ்டபிள். நிழலில் நின்று அந்தக் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு ஏன் மறிக்கவில்லை என்று கேட்பவர், சட்டைக் கையில் மூன்று பட்டி போட்ட சார்ஜன்ட். களவு போனால் வந்து விசாரிப்பவர் ஒரு நட்சத்திரக்கார எஸ்.ஐ. இரண்டு நட்சத்திரம் இன்ஸ்பெக்டர், மூன்று சீஃப் இன்ஸ்பெக்டர். அவர்களில் ஒருவர் பொறுப்பதிகாரியாகப் பெரிய மேசைக்குப் பின்னால் இருந்து கையெழுத்து வைப்பார். அதற்கு மேலே ஏ.எஸ்.பி., எஸ்.பி., டி.ஐ.ஜி. என்று ஏணி முகிலுக்குள் போய்விடும். அவர்களைப் புஷ்பராஜ் ஜீப் கண்ணாடிக்குள்ளால் மட்டும்தான் கண்டிருக்கிறார்.

அன்றைக்கே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். "ஏத்தினா ஒருத்தரும் கோவிக்கிறேல்லை. இறக்கினாத்தான் கேஸ்." அன்றிலிருந்து கான்ஸ்டபிள் எல்லாம் சார்ஜன்ட், சார்ஜன்ட் எல்லாம் எஸ்.ஐ., எஸ்.ஐ. எல்லாம் இன்ஸ்பெக்டர், இன்ஸ்பெக்டர் எல்லாம் சீஃப். எல்லாருக்கும் ஒரு படி கூட்டித்தான் கூப்பிடுவார். வாங்கில் பிறகு அவர் இருந்ததேயில்லை.

பக்கத்தில் ஃபோன் கடை வைத்திருக்கும் ஹமீட் ஒரு நாள் கேட்டார்: "அப்ப பொலிஸ்மா அதிபரே வந்துட்டா என்னண்டு கூப்பிடுவீங்க? அதுக்கு மேல படி இல்லியே."

புஷ்பராஜ் இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, "அவர் வரமாட்டார், ஹமீட் நானா" என்றார்.

இந்தச் சட்டத்தால் அதிகம் குளிர்ந்தவர் கான்ஸ்டபிள் ஹேரத். ஒலிபெருக்கி விண்ணப்பங்களைப் பார்க்கும் மேசை அவருடையது. குருநாகல் பக்கத்து மனிதர், அரசாங்க வகுப்பில் தமிழ் படித்துச் சித்தியடைந்தவர். அந்த வகுப்பில் என்ன தமிழ் சொல்லிக்கொடுத்தார்களோ அதை அப்படியே பேசுவார். அவருடைய தமிழ் புஷ்பராஜின் தமிழைவிடச் சுத்தமானது. அதனால் புஷ்பராஜுக்குப் பாதி விளங்காது.

"வணக்கம், சார்ஜன் மாத்தயா! எப்பிடி சுகம்?" மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா.

"நலமாக உள்ளேன். தாங்கள் நலமா?"

பன்னிரண்டு வருடம் இப்படியே போனது. சார்ஜன்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் ஹேரத்தின் முகம் மலர்வதைப் பார்க்கவே புஷ்பராஜ் சில நாள் அலுவல் இல்லாமலும் அந்தப் பக்கம் போய்வருவார்.

இந்த வருடம் கடற்கரைப் பக்கத்துக் கோயிலில் திருவிழா வந்தது. பத்து நாளுக்கும் ஒலிபெருக்கி புஷ்பராஜ் சவுண்ட்ஸ்தான், இருபது வருடமாக. வெள்ளிக்கிழமை கொடியேற்றம். அனுமதிப் பத்திரம் கையில் இல்லாமல் ஒரு ஹோர்ன்கூட வாய் திறக்கக்கூடாது. இந்த முறை கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் புது ஒலிபெருக்கிப் பெட்டிகளோடு கோயில் செயலாளர் சிவானந்தனைச் சுற்றிக்கொண்டிருந்தார். சிவானந்தன் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார்: "புஷ்பராஜ், கொடியேறேக்கை உம்மட பெர்மிட் இல்லையெண்டால் அவையள்தான் செய்வினம். பிறகு என்னோடை கோவிக்கக்கூடாது." திருவிழா போனால் அதைப் பார்த்துக் கல்யாண வீடுகளும் போகும் என்று புஷ்பராஜுக்குத் தெரியும். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, ஹேரத் இருக்கிறார்தானே என்று நிம்மதியாக இருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஹேரத்தே கடைக்கு வந்தார். வழக்கமாக வராத மனிதர். சீருடை புதிது, மடிப்பு கத்திபோல நின்றது. வெளியே ஒரு முச்சக்கர வண்டி காத்து நின்றது. ஹேரத் உள்ளே வந்து, இடது பக்கமாகத் திரும்பி நின்றார். பிறகு வலது பக்கமாகத் திரும்பினார். இரண்டு தரம் செருமினார்.

புஷ்பராஜின் கண் சட்டைக் கையில் விழுந்தது. மூன்று பட்டி. அவருடைய மூளை ஒரு நொடிகூடச் சுணங்கவில்லை. மூன்று பட்டி சார்ஜன்ட், அதோடு ஒரு படி கூட்டு.

"ஆ! வாங்கோ வாங்கோ, எஸ்.ஐ. சேர்!"

ஹேரத்தின் முகம் மின்சாரம் போன வீடாகிவிட்டது.

"என்ன கூறினீர்கள்?"

"எஸ்.ஐ. சேர் எண்டு... இருங்கோ, பிளேன்ரீ ஒண்டு சொல்லுறன்."

"நான் உப பொலிஸ் பரிசோதகர் அல்லன்," என்றார் ஹேரத். "தேநீர் வேண்டாம். நன்றி."

முச்சக்கர வண்டி போய்விட்டது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஹமீட் தலையில் கை வைத்தபடி வந்தார்.

"என்ன வேல செஞ்சீங்க முதலாளி? அந்த மனுசன்ட கைய பாத்தீங்களா இல்லியா?"

"பாத்தனான். மூண்டு பட்டி."

"அதான். இப்பதான் மெய்யாவே சார்ஜன்ட் ஆகி ஈக்குறாரு. பன்னண்டு வருசமா இல்லாத பட்டத்த சொல்லிக் கூப்பிட்டீங்க. பட்டம் வந்த அன்டைக்கு அத சொல்லாம விட்டுட்டீங்க."

புஷ்பராஜ் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. வெட்கம் ஹேரத்துக்காக, பயம் வெள்ளிக்கிழமைக்காக. எது கூடுதல் என்று ஹமீட் கேட்டிருந்தால் வெட்கம்தான் என்று சொல்லியிருப்பார். அது உண்மையும்கூட.

இனி உள்ளதை உள்ளபடி சொல்வதென்று முடிவெடுத்து அடுத்த நாள் நிலையத்துக்குப் போனார். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்பான். புஷ்பராஜ் போய் நல்ல கூடத்தையே கோணலாக்கிவிட்டார். வாசலில் நின்ற இளம் கான்ஸ்டபிளை "ராலஹாமி" என்றார். நேற்றுவரை சார்ஜன்ட்டாக இருந்த அந்தப் பிள்ளை, "ஏன் அங்கிள், நான் என்ன பிழை செய்தேன்?" என்று சிங்களத்தில் கேட்டுக் கண் கலங்கியது. உள்ளே எஸ்.ஐ.யை "எஸ்.ஐ. சேர்" என்றார். அவர் உடனே தோளைத் தடவி நட்சத்திரம் இருக்கிறதா என்று பார்த்தார். கடைசியாகப் பொறுப்பதிகாரி. வருடக்கணக்காக "சீஃப் சேர்" என்று கேட்டுப் பழகிய இன்ஸ்பெக்டர்.

"குட் மோர்னிங், இன்ஸ்பெக்டர் சேர்."

பொறுப்பதிகாரி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, தலைமையகத்திலிருந்து ஏதும் கேள்விப்பட்டீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். ஒன்றும் இல்லை என்று புஷ்பராஜ் சத்தியம் செய்யச் செய்ய அவருக்குச் சந்தேகம் கூடியது. மத்தியானத்துக்குள் அந்த நிலையத்தில் பாதிப்பேர், யாரோ எல்லோரையும் ஒரு படி இறக்கப்போகிறார்கள் என்று வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டார்கள்.

விண்ணப்பம் ஹேரத்திடம்தான் இருக்கிறது, அவர் கோயில் வீதியில் வாகன ஒழுங்கு பார்க்கிறார் என்றார்கள். புஷ்பராஜ் ஓடினார். கோயில் மதிலோரம் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஹேரத்தைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார்ஜன் மாத்தயா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. வாய் பழகிப்போச்சு."

ஹேரத் கயிற்றை இறுக்கிக் கட்டினார். "நேற்று முச்சக்கர வண்டியில் என் மனைவி அமர்ந்திருந்தார். வெள்ளவத்தையில் ஒருவர் என்னைச் சார்ஜன்ட் என்றே அழைக்கிறார் என்று நான் பல ஆண்டுகளாக வீட்டில் கூறி வந்தேன். அவர் நம்பவில்லை. உங்கள் வாயால் கேட்கட்டும் என்றுதான் அழைத்து வந்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் சார்ஜன்ட் என்ற சொல் தெரியும். வீடு சேரும் வரை சிரித்தார்."

புஷ்பராஜுக்கு முதல்முறையாக ஹேரத்தின் தமிழ் முழுவதும் விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கலாம் என்று பட்டது.

"அப்ப... பெர்மிட்?"

"பரிசீலனையில் உள்ளது," என்றார் ஹேரத்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மேளக்காரர் வந்துவிட்டார்கள். குருக்கள் கொடிச்சீலையோடு தயார். கோயிலின் நாலு பக்கமும் புஷ்பராஜின் ஹோர்ன்கள் கட்டி நின்றன. கடற்கரைப் பக்கத்து ஹோர்னுக்கு மட்டும் உப்புக்காற்றுப் பட்டு எப்போதும் இருமல். கொட்டாஞ்சேனைக்காரரின் வானும் வாசலில் வந்து நின்றது.

"பெர்மிட் எங்கை?" என்று சிவானந்தன் கேட்டார்.

வாசலில் ஹேரத் முதுகைக் காட்டிக்கொண்டு பஸ் ஒன்றை விலத்திவிட்டுக்கொண்டிருந்தார். அருச்சனைத் தட்டோடு வந்த சனங்களுக்குள் சிங்களப் பெண்களும் நின்றார்கள். அந்த முச்சக்கர வண்டியும் கடற்கரைப் பக்கமாக நின்றது. அதைக் கண்டதும், ஹேரத்தின் மனைவியும் வந்திருக்கிறார் என்று புஷ்பராஜுக்கு விளங்கியது. அனுமதி இல்லாமல் ஒரு சொல் சொன்னாலும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகலாம், வழக்கும் போடலாம். எல்லாம் அவருக்குத் தெரியும். திருவிழாவை மறந்தார். மைக்கை எடுத்து சுவிட்சைப் போட்டார்.

"ஹலோ, ஹலோ. வாகனங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும் சார்ஜன்ட் ஹேரத் அவர்கள்! எஸ்.ஐ. இல்லை, சார்ஜன்ட்! சார்ஜன்ட் ஹேரத் மாத்தயாவுக்குப் புஷ்பராஜ் சவுண்ட்ஸின் பணிவான வணக்கம்!"

காலி வீதிவரை கேட்டது. பஸ் நின்றது. மேளக்காரர் சிரித்தார்கள். சிவானந்தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஹேரத் மெதுவாகத் திரும்பி, தொப்பியைச் சரிசெய்து, சனத்தை விலக்கிக்கொண்டு நேரே மைக்கடிக்கு வந்தார்.

"அனுமதியின்றி ஒலிபெருக்கி பாவித்தமை குற்றமாகும்."

"தெரியும், சார்ஜன்," என்றார் புஷ்பராஜ். "கொண்டுபோங்கோ."

ஹேரத் சட்டைப்பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து விரித்தார். பொறுப்பதிகாரியின் கையெழுத்து, நேற்றைய திகதி. காலை ஆறு மணி முதல் செல்லுபடியாகும் என்று எழுதியிருந்தது. கோயில் மணிக்கூட்டில் ஆறு தாண்டிவிட்டது. கொட்டாஞ்சேனைக்காரர் பேசாமல் போய் வானுக்குள் ஏறினார்.

"இது நேற்றே கையில இருந்ததெண்டால் ஏன் தரேல்லை?" என்று புஷ்பராஜ் கேட்டார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஹேரத் முகத்தைக் கடுமையாகத்தான் வைத்திருந்தார், ஆனால் காது இரண்டும் சிவந்திருந்தன. கடற்கரைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"அந்தப் பக்கத்து ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. என் மனைவி அங்கேதான் நிற்கிறார். தயவுசெய்து அதைத் திருத்திவிட்டு, இன்னொரு முறை கூறுங்கள்."