மாண்டோலாவுக்குப் பாடம் தேடியவள்

கப்பலில் சலவைப் பிரிவில் வேலை பார்த்த சதீஷ்குமார் நெஞ்சுவலியில் இறந்து, உடல் சொந்த மலையூரான வாழவந்தி நாட்டுக்கு வந்து சேரப் பதினேழு நாளாயிற்று. கூடவே அவன் போனும் ஒரு கறுப்புப் பெட்டியும் வந்தன. பெட்டிக்குள் எட்டுக் கம்பி வாத்தியம் ஒன்று. மாண்டலினைவிடக் கொஞ்சம் பெரியது. உடன் வேலை பார்த்த அமெரிக்கர் ஒருவர் கொடுத்தது என்று மட்டும் மனைவி தேன்மொழிக்குத் தெரியும்.

"இதுக்குப் பேரு மாண்டோலா, தேனு. அவங்கூர்ல மலைக்காரங்க வாசிக்கற பாட்டாம். ப்ளூகிராஸ்ங்கறாங்க. நாமளும் மலைக்காரங்கதான?" என்று போனில் சிரித்திருந்தான்.

அவன் போனில் பதினோரு வீடியோக்கள் இருந்தன. எல்லாவற்றிலும் முகம் தெரியாது, கையும் கம்பியும்தான். சக், சக் என்று அறுந்து அறுந்து ஒரு சத்தம். பாவம், வாசிக்கத் தெரியாமலே போய்விட்டான் என்று நினைத்தாள். அவன் விட்டதைத் தான் கற்றுக்கொண்டால் என்ன என்று தோன்றியது.

மிளகு பறிப்பில்லாத நாட்களில் பஸ் ஏறிச் செம்மேட்டுக்குப் போவாள். அங்கேதான் சிக்னல் நிற்கும். மாண்டோலா என்று தேடினால் மாண்டலின் பாடமாகவே வந்தது. நாமக்கல்லில் ஒரு வாத்தியார் வாத்தியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கீர்த்தனைன்னா சொல்லித் தருவேம்மா. இது எனக்குத் தெரியாது" என்று கைவிரித்தார்.

கடைசியில், வாத்தியக்காரர்கள் கூடும் இணையப் பக்கம் ஒன்றில், மொழிபெயர்க்கும் செயலியை வைத்து எழுதி, அவன் வீடியோ ஒன்றையும் போட்டாள். மூன்றாம் நாள் ஒரு பெண் பதில் எழுதியிருந்தாள்: மாண்டோலாவுக்கென்று தனிப் புத்தகம் கிடைப்பது அரிது. மாண்டலின் பாடத்தையே படியுங்கள். விரல் வைக்கும் இடங்கள் அவைதான். ஒலி மட்டும் ஐந்து சுரம் கீழே கேட்கும். வீடியோவில் இருப்பவர் பிழையாக வாசிக்கவில்லை. பாடுகிறவர்களுக்குப் பின்னால் போடும் தாளம் அது. கம்பியைத் தட்டியதும் விரலைத் தளர்த்தி ஒலியை அடக்க வேண்டும். நன்றாகச் செய்கிறார். அவரிடமே கேளுங்களேன்.

தேன்மொழி பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பஸ்கள் போயின.

அவன் இருந்தபோது ஒருநாள்கூட, என்ன வாசிக்கிறீங்க என்று அவள் கேட்டதில்லை.

மாண்டலின் பாடங்களைப் பார்த்து நான்கு மாதம் பழகினாள். மரவள்ளிக் காட்டு வேலையில் வெடித்த விரல் நுனிகளில் கம்பி ஏறி ரத்தம் கசிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வாசிக்க முடியாது, சத்தம் வராது.

ஒரு மத்தியானம் மாமியார் ருக்குமணி வாசலில் வந்து நின்றாள்.

"எம்மவன் வாசிச்ச பாட்டா கண்ணு?"

"பாட்டு இல்லீங்க அத்தை. பாடறவங்களுக்குப் போடற தாளம்."

"பாடறவங்க எங்க?"

தேன்மொழி மாண்டோலாவை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"ஊட்டுல வேண்டாம் சாமி. எனக்குத் தாங்கல" என்றாள் ருக்குமணி.

மறுநாள் தேன்மொழி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மிளகுத் தோட்டத்துக் கொட்டகைக்குப் போனாள். வெளியே மழை. வீடியோவை ஓடவிட்டு, அவன் கைக்குச் சரியாகத் தட்டப் பார்த்தாள். மூன்று முறை அவள் கை பிந்திவிட்டது. திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டாள்.