இரண்டாவது ஃபிளாப்பி

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை எதற்குத் தொட்டாய் என்று அண்ணனை இன்றைக்கும் கேட்கிறேன். "மெதுவா ஓடிச்சி, சுத்தம் பண்ணேன்" என்கிறான். சுத்தம் பண்ணுகிற மூஞ்சியைப் பார்! அவன் சட்டையைக்கூட அம்மாதான் துவைத்துப் போடுவாள்.

எண்பதுகளின் கடைசி அது. எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த மணல்திட்டு. மெட்ராஸில் வேலை பார்த்த அண்ணன், தன் கம்பெனியில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டரைப் படகில் ஏற்றி வந்து வீட்டில் வைத்துவிட்டுப் போனான். அவன் வைத்ததோடு சரி, உட்கார்ந்து பழகியவள் நான். பொன்னேரியில் டைப்ரைட்டிங் முடித்திருந்ததால் விரல் ஓடியது. மற்றதெல்லாம் கூட வந்த தடிப் புத்தகத்தைப் பார்த்துத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். அதற்கு நேரம் சாயங்காலம்தான். காலையில் அக்கரைக்குப் போய் இறால் உரிக்கும் கொட்டகையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஐஸ் தண்ணீரில் ஊறி நகக்கண்ணெல்லாம் வெடித்துவிடும். அந்த விரலால் ஓர் எழுத்தைத் தட்டினால் உயிர் போய்வரும்.

கொட்டகையின் முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பழவேற்காட்டில் பழைய வியாபாரக் குடும்பம், இறாலை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டு, தொட ஆளில்லாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தார். என் மகளுக்குத் தெரியும் என்று அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறாள். "வெள்ளிக்கிழமை தொழுகை முடிச்சிட்டு உங்க பக்கம் வர்றேன். ஓட்டிக் காட்டட்டும். நல்லா செஞ்சா கொட்டகை வாணாம், ஆபீசுக்கு வரட்டும்" என்றாராம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வாரம் முழுக்க இறால் உரித்தேன்.

வியாழக்கிழமை அண்ணன் லீவில் வந்தான். நான் கொட்டகையிலிருந்து திரும்பியபோது கம்ப்யூட்டர் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே இருந்ததையெல்லாம் அழித்திருந்தான். பாயிடம் காட்டுவதற்காக நான் அடித்து வைத்திருந்த மாதிரி பில்கள், கடிதங்கள், எல்லாம் போச்சு. "புதுசா டாஸ் போட்டா பிச்சிகினு ஓடும் பாரு" என்றான். டாஸ் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வெறும் தகரப்பெட்டி. அது இரண்டு ஃபிளாப்பியில் இருந்தது. முதலாவது ஒழுங்காக ஏறிவிட்டது. இரண்டாவதைப் போட்டதும் கர்ரென்று உறுமி, படிக்க முடியவில்லை, விட்டுவிடவா, மறுபடி பார்க்கவா என்று திரையில் கேட்டுவிட்டு நின்றது. இவனும் சளைக்காமல் மறுபடி, மறுபடி என்று தட்டிக்கொண்டே இருந்தான்.

"இன்னாண்ணா பண்ணி வெச்சிகிறே?"

"வோல்டேஜ் இல்ல. அதான்."

"மொதல் ஃபிளாப்பி ஏறச்சொல்ல மட்டும் வோல்டேஜ் இருந்துச்சா?"

"அப்போ நீதான் எத்தையாச்சும் நோண்டியிருப்பே."

எனக்கு வாயில் நன்றாக வந்தது. நைனா அங்கேயே வலையோடு உட்கார்ந்திருந்தார், அதனால் விழுங்கிக்கொண்டேன்.

அவனை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். ஃபிளாப்பி போட அந்த மெஷினில் இரண்டு வாய் உண்டு. முதல் ஃபிளாப்பியை இரண்டிலும் போட்டேன், இரண்டும் படித்தன. இரண்டாவதைப் போட்டேன், இரண்டுமே உறுமின. அப்படியென்றால் கோளாறு மெஷினில் இல்லை, ஃபிளாப்பியில். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால், உள்ளே கறுப்பாக இருக்க வேண்டிய தட்டில் பழுப்பாகப் பிசுக்கு.

"நான்தாம்மா அடுப்புக்கு மேல வெச்சேன்" என்றார் நைனா. "மழைக்கு நமுத்துப் போவுமேன்னு."

எங்கள் வீடுகளில் ஈரம் படக்கூடாத எதுவும் ஐப்பசி பிறந்தால் அடுப்புக்கு மேல் பரணுக்குப் போய்விடும். வலை நூல், தீப்பெட்டி, ரேஷன் கார்டு, இதோ என் ஃபிளாப்பி. உறையோடு இருந்த முதலாவது தப்பித்தது. உறையில்லாத இரண்டாவது, மீன் வறுத்த புகையை மழைக்காலம் முழுக்கக் குடித்திருந்தது. நைனாவை என்ன சொல்வது? பத்திரமாக இருக்கட்டும் என்றுதானே வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில், மெஷினின் வாயைத் துடைக்க ஸ்பிரிட் வேண்டுமென்று ஊசி போடுகிறவர் வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் என் ஃபிளாப்பி துணிக்கொடியில் கிளிப் மாட்டித் தொங்குகிறது. பிசுக்குப் போகட்டுமென்று அண்ணன் கிணற்றுத் தண்ணீரில் முக்கி எடுத்துக் காயப் போட்டிருக்கிறான்!

எங்கள் கிணற்றில் கால் கழுவினால் காய்ந்ததும் கால் வெளுத்துப் போகும். அவ்வளவு உப்பு. அந்தத் தண்ணீரில் பிறந்து வளர்ந்தவன், மெட்ராஸ் குழாய்த் தண்ணீரில் நாலு வருஷம் குளித்ததும் அதை மறந்துவிட்டான். ஃபிளாப்பி முழுக்க வெள்ளை பூத்திருந்தது.

"உப்புப் போட்டுக் காய வெச்சிகிறியே, கருவாடா பண்ணப் போறே?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வெள்ளிக்கிழமை கொட்டகைக்கு லீவு. அக்கரைக்குப் போனால்தான் அம்மா ஒரு குடம் நல்ல தண்ணீர் பிடித்து வருவாள். முந்தின நாள் பிடித்து வந்த குடத்தில் ஒரு சொம்புதான் மிச்சம். பாய் வந்தால் கொடுக்கவென்று அம்மா மூடி வைத்திருந்தாள். நான் குடத்தில் கை வைத்தேன்.

"அடிப்பாவி, வர்றவருக்கு வாயில ஊத்த இன்னாடி இருக்கும்?"

"குடிக்கலன்னா அவர் சாவ மாட்டாரு. இது ஓடலன்னா நான் அந்த ஐஸ்லயே கெடந்து சாவணும்."

அம்மா என் விரல்களைப் பார்த்தாள். பிறகு அவளே குடத்தைச் சாய்த்தாள்.

ஃபிளாப்பியின் ஓரத்தைப் பிளேடால் அறுத்து, உள்ளே இருந்த தட்டை உருவினேன். சோப்பு தொட்டு மெதுவாகக் கழுவி, மீதித் தண்ணீரில் அலசி, நைனாவின் பழைய வேட்டியில் ஒற்றி, நிழலில் காய வைத்தேன். காலியாகக் கிடந்த வேறொரு ஃபிளாப்பியை அறுத்து அதன் கூட்டுக்குள் இதைச் செருகினேன். மெஷினின் வாயை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் போட்டேன். உறுமவில்லை. சத்தமில்லாமல் டாஸ் முழுதும் ஏறி முடிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவும் கோபத்தில்தான்.

பாய் வந்தார். அண்ணன் பேண்ட் மாட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றான். "பழைய மெஷின் பாய், நேத்து படுத்துடுச்சி. புதுசா டாஸ் போட்டு எழுப்பி வெச்சேன்" என்றான். எழுப்பி வைத்தானாம்! நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பில்லை அடித்துக் காட்டினேன். பாய் பார்த்தார், தலையாட்டினார். அப்புறம் அண்ணன் பக்கம் திரும்பி, "ரிப்பேரும் தெரியுதே, அப்போ தம்பியே ஆபீசுக்கு வந்துடலாமே" என்றார். அண்ணன் மாட்டேன் என்று சொல்லவில்லை. இளித்தான்.

"வெயிலு. கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார் பாய்.

எங்கள் பக்கத்தில் பேசாத பங்காளி வந்தாலும் தண்ணீர் இல்லையென்று சொல்ல மாட்டோம். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி இல்ல பாய்" என்றேன். "உங்களுக்கு வெச்சிருந்த தண்ணிலதான் இது ஓடுது."

அவருக்குப் புரியவில்லை. மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அறுத்துப்போட்ட பழைய கூட்டைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். பாய் அதன் மேலிருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். துப்பினார்.

"தம்பி, நீ இந்த ஊர்லதான் பொறந்தியா?"

பதிலுக்கு நிற்காமல் என் பக்கம் திரும்பினார்.

"திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்துடும்மா" என்று சொல்லிவிட்டுத் தாகத்தோடேயே படகேறினார்.

கொட்டகைக்கும் ஆபீசுக்கும் ஒரே வாசல்தான். திங்கட்கிழமை அந்த வாசலில் அம்மா வலதுபக்கம் திரும்பி ஐஸுக்குப் போனாள், நான் மாடியேறினேன். என் மேசைக்குப் பக்கத்தில் ஆபீஸ்காரர்களுக்கென்று ஒரு பானை நல்ல தண்ணீர், மூடி போட்டு, டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. இத்தனை வருஷம் கீழே நின்றவளுக்கு இங்கே இப்படி ஒரு பானை இருப்பதே தெரியாது. முதல் டம்ளரை மொண்டுகொண்டு நேராகக் கொட்டகைக்கு இறங்கிப் போய் அம்மாவிடம் நீட்டினேன். மேஸ்திரி முறைத்தான். அம்மா குடித்து முடிக்கும் வரை நானும் அவனை முறைத்துக்கொண்டு நின்றேன்.