சேற்றில் நின்ற டிராக்டரும் அம்மன் காட்டிய காரணமும்

போன கார்த்திகையில் ஒரு புதன்கிழமை, சேறடித்துக்கொண்டிருந்த எங்கள் சின்ன டிராக்டர் வயலின் நடுவிலேயே நின்றுவிட்டது. கால்வாயில் எங்கள் முறைத் தண்ணீர் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான். அதற்குள் இரண்டு ஏக்கரையும் சேறடித்து முடித்தால்தான் நடவு. நாற்றும் முற்றிக்கொண்டிருந்தது. இந்தத் தண்ணீரை விட்டால் அந்தப் போகமே இல்லை. அக்கம்பக்கத்து டிராக்டர்கள் எல்லாம் அவரவர் சேற்றில் நின்றன. நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். நான் அழுது பார்த்தவர்கள் எங்கள் ஊரில் அதிகம் பேர் இல்லை.

என் பெயர் ராமாத்தாள். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் ஊர். மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன். வேறு யாரையாவது எழுதச் சொல்லலாம். ஆனால் அம்மன் எனக்குச் செய்ததை என் கையால் எழுதினால்தான் மனசு ஆறும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயம் நேரானது.

டிராக்டரை ஓட்டியது என் மருமகள் செல்வி. மகன் முருகேசன் லாரி ஓட்டுகிறான். வாளையார் தாண்டிப் போனால் திரும்பி வர நாலு நாளும் ஆகும். அதனால் அவளே கற்றுக்கொண்டாள். வரப்பை இடிக்காமல் ஓட்டுவாள். எனக்கு அதில் பெருமை. வாயால் சொல்ல மாட்டேன். ஆனால் விருந்தாளி யார் வந்தாலும் அவள் உழுகிற வயல் பக்கமாகவே கூட்டிப்போவேன்.

வண்டியை எப்படியோ இழுத்து வீட்டு வாசலில் நிறுத்தினோம். வியாழக்கிழமை மெக்கானிக் கபூர் பாய் வந்து என்ஜினைப் பிரித்தார். மூன்று பிஸ்டனில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். பூனை பிறாண்டினது போல ஒரு பக்கம் முழுக்கக் கீறல்.

"அளவுக்கு மேல சூடாயிருக்குதுங்கம்மா. சூட்டுல இது பெருத்துப் போய்ச் சுத்துச் சுவத்தப் பிடிச்சுக்குச்சு."

"புதுசு போட்டாச் சரியாயிருமா?"

"போடறது ஒரு நாள் வேலைதானுங்க. ஆனா எதனால சூடாச்சுன்னு தெரியோணும். இல்லீன்னா புதுசும் இதே கதிதான். தண்ணி இருக்குது, ஆயில் இருக்குது, பெல்ட் நல்லாருக்குது. ரேடியேட்டரையும் பம்பையும் கழட்டிப் பாலக்காட்டுல கொடுத்துப் பார்க்கோணும். ஒரு வாரம் ஆகும்."

ஒரு வாரம். எங்களுக்கு இருந்ததோ மூன்று நாள்.

முருகேசன் போனில் கத்தினான். "அவ மிதிச்ச மிதில என்ஜினே செத்துப்போச்சு. சூடு காட்டற முள்ளப் பார்த்தாளான்னு கேளுங்கம்மா."

செல்வி என்னிடம் மட்டும் சொன்னாள். "அந்த முள்ளு போன போகத்துலயே நின்னு போச்சுங்கத்தை. அவருக்கே தெரியும்." அவ்வளவுதான் பேசினாள். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர், "பொம்பள ஏறுனா டிராக்டருக்கே கோவம் வருதாட்ட இருக்குது" என்று சிரித்துவிட்டுப் போனார். அன்று அவள் சாப்பிடவில்லை. நான் தட்டில் போட்டு வைத்த சோறு அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். திரை போட்டு உள்ளே அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. நான் திரையைப் பார்த்தே சண்டை போட்டேன். "ஆத்தா, என் மருமகமேல எவன் கண்ணும் படக்கூடாதுன்னு உனக்குச் சாத்தின மஞ்சத்துணியத்தான வண்டிக்கு முன்னால கம்பி வலைமேல இழுத்துக் கட்டி அனுப்புனேன். அப்பறமும் இப்படி விட்டுட்டயே. காரணத்தையாச்சும் காட்டு."

அந்த நேரம் பார்த்துப் பூசாரி திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். தலையிலிருந்து கால் வரைக்கும் வேர்வை.

"துணிய இழுத்து விட்டா உள்ள சொட்டுக் காத்து வர்றதில்லீங்க" என்றார். "விளக்குச் சூடு வேற. மனுசன் வெந்து போறான்."

கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கேட்டு வாய் மூடவில்லை, காட்டிவிட்டாள்.

ஆனால் அம்மன் காட்டியதை நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே. புதன்கிழமை காலையில் செல்வி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது அந்தத் துணியைக் கட்டினேன். வண்டி நின்றதும் ஓடிப்போய், அம்மன் துணியில் சேறு படக்கூடாது என்று அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். நாற்பது வருடமாக இந்த ஊரில் என்னை யாரும் ஒரு குற்றம் சொன்னதில்லை. கபூர் பாயைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். வீட்டுக்கு வந்தால் கபூர் பாயும் வந்திருந்தார். செல்வி தலையைக் குனிந்து என்ஜின் பாகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் நின்றிருந்தார். இருக்கட்டும் என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"பாய், முன்னால வலைமேல துணி கட்டியிருந்தா சூடாகுமா?"

"எந்தத் துணிங்க?"

"ரெண்டு மடிப்பு. மஞ்சள்ல முக்கினது."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஆரு கட்டுனது?"

"நாந்தான். அவுத்ததும் நாந்தான். செல்விமேல ஒரு தப்பும் இல்லை."

கபூர் பாய் சிரித்தார். "ஏனுங்கம்மா, மூக்கப் பொத்திட்டு ஓடுன்னா அது எத்தன தூரந்தான் ஓடும்? சரி, பாலக்காடு வேண்டாம். பிஸ்டன் மட்டும் வரட்டும்."

செல்வி என் பக்கத்தில் வந்தாள். "துணிய நானும் பார்த்தேனுங்கத்தை. அதனாலதான்னு தெரியாதுங்க. அந்தப் பேச்சை எடுத்தா உங்கள ஆராச்சும் ஒரு வார்த்தை சொல்லுவாங்கன்னு இருந்துட்டேன்."

என் பிள்ளைகூட எனக்காக இப்படி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க மாட்டான். போனில் அவனிடமும் உண்மையைச் சொன்னேன். "நீ பேசுனதுக்கு அவகிட்ட நீயே மன்னிப்புக் கேளு" என்று போனைச் செல்வியிடம் கொடுத்தேன். அன்று மாலையே அவன் திரும்புகிற வழியில் கோயமுத்தூரில் பிஸ்டனும் வளையங்களும் வாங்கி வந்தான்.

பிஸ்டன் ஓடுகிற சுற்றுச் சுவருக்குச் சேதம் இல்லை. ஒட்டியிருந்த பிஸ்டன் துகளைத் தேய்த்து எடுத்ததும் வழவழவென்று ஆகிவிட்டது. அதுவும் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாதாம். அதையும் அம்மன் கணக்கிலேயே வைத்தேன்.

சனிக்கிழமை காலையில் பாய் வெந்நீர் கேட்டார். புதுப் பிஸ்டனை அதில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தார். சூட்டில் துளை லேசாக விரியுமாம். தண்டோடு சேர்க்கிற இரும்புப் பின் கட்டை விரலால் அழுத்தியதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டது மாதிரி நானே துணியால் ஏந்திக் கொடுத்தேன். "பொம்பள கை பட்டா ஓடுமா பாய்?" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் காதில் விழும்படி கேட்டேன். செல்வி மூன்று நாளைக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள்.

மத்தியானம் என்ஜின் கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போது கடைசி மூலை வரைக்கும் அவளே சேறடித்து முடித்தாள். திங்கட்கிழமை நடவு. தை முடிந்து நல்லபடியாக அறுத்தோம்.

முன்பெல்லாம் நான் கோயிலுக்குப் போனால் என் வேண்டுதலைச் சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடுவேன். இப்போது சொல்லி முடித்தபின் பதிலுக்காகச் சற்று நேரம் நிற்கிறேன். செல்வியையும் கூட்டிப்போகிறேன். உங்களுக்கும் கஷ்டம் வந்தால் அம்மனிடம் கேளுங்கள், கோபமாகக்கூடக் கேளுங்கள், அவள் பொறுப்பாள். பதில் உங்களுக்குத் தலைகுனிவாக வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அப்படித்தான் வந்தது. அதில் எனக்கு ஒரு மகள் கிடைத்தாள்.