கட்டுப் பிரித்த சாயங்காலங்கள்

என் தம்பி பெண்டாட்டி அதிகம் வாய் திறக்கமாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான் பேசிவிடுகிறேனாம். குதிரை வண்டி ஓட்டிய தம்பி லாரி மோதிச் செத்தபோதும் அவள் அழவில்லை. அதே மோதலில் பின்னங்கால் கிழிந்து வந்த குதிரையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். தீனிக்கு முந்தி, வேலைக்குப் பிந்தி என்பதால் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தவன் தம்பிதான்.

புண் ஆறவே இல்லை. சதை மட்டும் புசுபுசுவென்று வெளியே தள்ளியது. அந்த மேட்டைத் தாண்டித் தோல் ஏறாது, குதிரைக் காலில் இது ஒரு தொல்லை என்றார் கால்நடை டாக்டர். சதையைச் சீவிவிட்டு இறுக்கிக் கட்டினார். தான் வரும்வரை பிரிக்கக் கூடாது என்றார். அடுத்த முறை வந்து பார்த்தால் பழைய கதைதான். மறுபடி சீவிக் கட்டினார். இந்தத் தடவையும் மூடாவிட்டால் ஊசி போட்டு முடித்துவிடலாம், பாவம் எத்தனை நாள் வதைபடும் என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பி விட்டுப்போனது அது ஒன்றுதானே.

மறுநாள் சாயங்காலம் புல்லோடு லாயத்துக்குள் நுழைந்தேன். அவள் கட்டைப் பிரித்துப் போட்டு, புண்ணின் ஓரத்தில் பிடித்திருந்த பொருக்கை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள். புண் ஏன் ஆறவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. குதிரை உடம்பெல்லாம் நடுங்க, வாசல் பக்கம் திரும்பிக் கனைத்தது. டீக்கடையிலிருந்து தம்பி தீனி வைக்க வரும்போது மட்டும் கனைக்கிற கனைப்பு அது.

"வலிச்சா அவரைத்தான் கூப்பிடுது, அக்கா. கேளுங்க, வர்றார்."

சத்தியமாகச் சொல்கிறேன், செருப்பை இழுத்து இழுத்து நடக்கும் அவன் நடை எனக்கும் கேட்டது. வாசலில் யாருமில்லை. குதிரையின் காது மட்டும் சத்தம் நகர நகரத் திரும்பியது. இன்னும் கொஞ்சம் உரித்தால் உள்ளேயே வந்துவிடுவானோ என்று என் பாழும் மனசும் ஒரு நிமிஷம் நினைத்தது.

"இதைக் கொன்னுட்டு நாளைக்கு மேல போய் அவன் முகத்துல எப்படி முழிப்பே?" என்று கேட்டேன்.

அவள் கை நின்றது. சாவு வீட்டில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். பிறகு அவளே புதுத் துணி எடுத்துக் கட்டினாள். அதன்பின் சாயங்காலமானால் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

டாக்டர் கடைசியாகப் பிரித்தபோது புண் மூடியிருந்தது. முடியில்லாத மெல்லிய தோல். இனி பயமில்லை என்று குதிரையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அன்று பொழுது சாய்ந்தது. மாப்பிள்ளை கனைக்காமல், தலை தூக்காமல் புல் தின்றுகொண்டிருந்தது.

"இனிமே வரமாட்டார்ல, அக்கா?"

எழுந்து போய், அவன் செத்த நாளிலிருந்து திறந்தே கிடந்த லாயத்து வாசல் கதவைச் சாத்தினேன்.